சாமை விதை, யுரேனஸ் வளையம், ஒரு பென் டிரைவ்: தெரியுமா?

ஜவ்வாது மலையில் காவலூர்ப் பக்கம் ராத்திரி பத்து மணிக்கு நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? கீழே ஆலங்காயத்தில் விரல்விட்டு எண்ணிய நட்சத்திரங்கள், மேலே ஏறியதும் அஞ்சறைப்பெட்டியில் கொட்டிப்போன கடுகு மாதிரி எங்கும் சிதறிக் கிடக்கும்!

அப்படியொரு ராத்திரியில்தான் நான் அசடு வழிந்தேன். கையில் ஃபோன். ஃபோனில் நட்சத்திரங்களுக்குப் பெயர் சொல்லும் ஒரு ஆப். ஃப்ரீ! நயா பைசா கொடுக்கவில்லை. பெருமையாகத் திறந்தால் 'லாகின் செய்யவும்' என்கிறது. லாகினுக்கு நெட் வேண்டும். பாறைமேல் ஏறினால் ஒரு கோடு டவர், இறங்கினால் அதுவும் போச்சு. தலைக்குமேல் கோடி நட்சத்திரம், கையில் சுற்றிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டம்.

கூட வந்த போளூர்த் தம்பி சிரித்துக்கொண்டே தன் அக்காவின் பழைய லேப்டாப்பைத் திறந்தார். பிளஸ் டூவில் அரசு கொடுத்தது, மூலைகள் உடைந்து டேப் ஒட்டியது. ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருளைத் தட்டினார். நெட் கேட்கவில்லை, லாகின் கேட்கவில்லை. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தன! இடம் என்ற கட்டத்தில் அட்சரேகை 12.58, தீர்க்கரேகை 78.83 என்று தட்டினார். திரையில் எங்கள் தலைக்கு மேலிருந்த அதே வானம்.

அதற்கும் காசில்லை, இதற்கும் காசில்லை. அப்புறம் ஏன் ஒன்று கைவிட்டது, ஒன்று கைகொடுத்தது? சரி, அங்கிருந்தே ஆரம்பிப்போம். மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்!

இந்த விஷயத்தில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் பணக்கார மொழி, தெரியுமா? ஆங்கிலக்காரர்களிடம் இருப்பது 'ஃப்ரீ' என்ற ஒற்றைச் சொல். காசில்லாததும் ஃப்ரீ, கட்டில்லாததும் ஃப்ரீ. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர் 1983 செப்டம்பர் 27ல் 'குனு' என்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்த நாளிலிருந்து இந்தக் குழப்பத்தை விளக்கியே களைத்துப்போனார். 'பேச்சுரிமை மாதிரி ஃப்ரீ, ஓசி பீர் மாதிரி ஃப்ரீ இல்லை' என்று ஊர் ஊராகச் சொல்ல வேண்டியிருந்தது. நமக்கு அந்த பீர் எதற்கு? காசில்லையென்றால் இலவசம். கட்டில்லையென்றால் கட்டற்றது. இரண்டு தனிச் சொற்கள், இரண்டு தனி அர்த்தங்கள். கட்டற்ற மென்பொருள் என்ற சொல்லைத் தமிழில் இதற்காக உழைப்பவர்கள் வருஷக்கணக்காகப் புழங்குகிறார்கள். 2012ல் தொடங்கிய 'கணியம்' இதழ் அதிலேயே ஊறியது. ஆனாலும் நம்மாள் என்ன செய்வார்? இரண்டையும் தூக்கி 'ஃப்ரீ' என்ற ஒரே கோணியில் போட்டுக் கட்டிவிடுவார்!

கட்டு என்றதும் எனக்கு மாடுதான் ஞாபகம் வருகிறது. ஒருத்தர் உங்களுக்கு ஒரு பசுவை இனாமாகக் கொடுக்கிறார். ஆனால் கட்டுத்தறி அவர் வீட்டில். பால் கறக்க நீங்கள் அங்கே போக வேண்டும், கதவை எப்போது திறப்பது என்பது அவர் இஷ்டம், கன்று போட்டால் அது அவருக்கு. மாடு இலவசம்தான். உங்கள் மாடா?

கட்டற்ற மென்பொருள் என்றால் நான்கு உரிமைகள் கூடவே வர வேண்டும். எந்தக் காரியத்துக்கும் ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே எப்படி ஓடுகிறது என்று மூல நிரலைப் படித்து, வேண்டியபடி மாற்றலாம். அடுத்தவருக்கு நகல் கொடுக்கலாம். மாற்றியதையும் ஊருக்குக் கொடுக்கலாம். வேடிக்கை என்னவென்றால் இந்த நான்குக்கும் வரிசை எண் 1, 2, 3, 4 இல்லை. 0, 1, 2, 3! கம்ப்யூட்டர்காரர்கள் குழந்தையின் கைவிரலைக்கூடச் சுழியத்திலிருந்துதான் எண்ணுவார்கள் போலிருக்கிறது.

இந்த நான்கிலும் காசைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கிறதா? இல்லவே இல்லை! கட்டற்ற மென்பொருளை விற்கலாம், தெரியுமா? ஸ்டால்மனே விற்றார். 1985 வாக்கில் தான் எழுதிய 'ஈமேக்ஸ்' என்ற நிரலை டேப்பில் பதிந்து, டேப் ஒன்றுக்கு 150 டாலர் என்று அனுப்பிப் பிழைத்தார். வாங்கியவர் அதை நூறு பேருக்கு நகலெடுத்துக் கொடுத்தாலும் கேள்வி கேட்பாரில்லை. அதே கொள்கையில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை வைத்துத் தொழில் செய்த ரெட் ஹேட் நிறுவனத்தை ஐபிஎம் 2019ல் வாங்கி முடித்தது. விலை 3,400 கோடி டாலர்! ஓசியில் கிடைப்பதை நம்பி ஒரு கம்பெனி எப்படிப் பிழைக்கும் என்று இனி யாரும் கேட்க வேண்டாம்.

அப்படியே தலைகீழாகத் திருப்புங்கள். காசு கொடுத்து வாங்கியும் கையில் இல்லாமல் போன கதை தெரியுமா? 2009 ஜூலையில் அமெரிக்க வாசகர்கள் காசு கொடுத்து கிண்டிலில் வாங்கிய மின்னூல்களை, அமேசான் அவரவர் கருவிக்குள் புகுந்து அழித்தது. விற்றவருக்கு விற்கும் உரிமை இல்லையாம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. அழிந்த புத்தகம் எது? ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'! எல்லாரையும் எங்கிருந்தோ ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்கும் என்று எழுதிய நாவல். கற்பனை செய்து எழுதியிருந்தால் 'ரொம்ப ஓவர் சார்' என்று ஆசிரியர் வெட்டியிருப்பார்.

மலைக்குத் திரும்புவோம். ஜமுனாமரத்தூர்ச் சந்தைப் பக்கம் போனால் தேன், புளி, பலா, அப்புறம் சாமை. ஜவ்வாது மலையின் மலையாளி மக்களுக்கு (கேரளத்து மலையாளி அல்ல, மலையை ஆள்பவர்) சாமைதான் சோறு. அறுவடையில் நல்ல கதிராகப் பார்த்துத் தனியே ஒடித்து, காயவைத்து, வேப்பிலை போட்டுக் கட்டி வைத்தால் அடுத்த ஆடிக்கு விதை தயார். பக்கத்து வீட்டுக்காரருக்கு இல்லையென்றால் ஒரு படி கொடுக்கலாம். மேட்டுக்காட்டுக்கு எது தாங்கும், தாழ்வுக்கு எது தாங்கும் என்று வருஷா வருஷம் பொறுக்கி மாற்றலாம். இந்தப் பக்கம், இலவசமாக ஒரு வீரிய ஒட்டு விதைப் பொட்டலம். போட்டால் முதல் வருஷம் ஜோர். அதில் விளைந்ததையே விதையாக எடுத்து மறுவருஷம் போட்டால்? முளைக்கும், ஆனால் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று முன்னே, ஒன்று பின்னே. மறுபடியும் பொட்டலம் கொடுத்தவர் வாசலுக்குத்தான் போக வேண்டும். அன்றைக்கும் இலவசமாகவே கொடுப்பார் என்று யார் சொன்னது?

இதில் என்னைத் தூக்கிவாரிப் போட்ட விஷயம் ஒன்று. கட்டற்ற மென்பொருளுக்கு நான்கு உரிமை என்றேனே, நம் நாட்டு விவசாயிக்குச் சட்டத்திலேயே அதற்கு மேல் இருக்கிறது, தெரியுமா? 2001ல் நாடாளுமன்றம் இயற்றிய பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவைப் பாருங்கள். ஒரு ரகத்துக்குக் கம்பெனி உரிமை பெற்றிருந்தாலும், விவசாயி அதன் விதையைச் சேமிக்கலாம், பயன்படுத்தலாம், விதைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கலாம். ஏழு வினைச்சொற்கள்! உரிமை பெற்ற அந்த ரகம் என்று முத்திரை குத்திய பையில் போட்டு மட்டும் விற்கக் கூடாது. 2019ல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள்மேல் பெப்சிகோ வழக்குப் போட்டபோது இந்த ஏழு வினைச்சொற்களைத்தான் விவசாய அமைப்புகள் தூக்கிப் பிடித்தன. சில வாரங்களில் கம்பெனி வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டது. லேப்டாப்பையே பார்த்திராத ஒரு சாமைக் காட்டுக்காரர், கையில் ஃபோன் வைத்திருந்த என்னைவிடச் சுதந்திரமானவர் என்று அன்றைக்குத் தோன்றியது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

காவலூருக்கு வருவோம். இங்கேதான் ருசியே!

1968ல் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்றோடு இந்த மலையில் வானாய்வைத் தொடங்கியவர் வைணு பாப்பு. 1972ல் ஜெர்மனியிலிருந்து ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 இரவு (நம் கடிகாரத்தில் மறுநாள் விடியற்காலை) யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கப்போகிறது என்று உலகமே காத்திருந்தது. மறைப்பதற்கு முன்பே விண்மீன் கண்சிமிட்டியது! யுரேனஸுக்கு வளையம் இருக்கிறது என்பது வெளிப்பட்டது அப்படித்தான். அமெரிக்கர்கள் இந்தியப் பெருங்கடலின்மேல் விமானத்தில் பறந்தபடி அதைப் பார்த்தார்கள். காவலூர்க்காரர்கள் இந்த மலையில் நின்றபடி அந்த ஒளிக்குறைவைப் பதிவு செய்தார்கள். 1986 ஜனவரியில் இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது. பார்க்கக் கொடுத்துவைக்காமல் பாப்பு 1982லேயே காலமாகிவிட்டார். அந்தத் தொலைநோக்கிக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. 1988ல் இங்கிருந்து கண்டுபிடித்த குறுங்கோளுக்கு 4130 ராமானுஜன் என்று நம் கணித மேதையின் பெயர்.

இத்தனை பெரிய கண்ணாடி பிடித்த வெளிச்சத்தை யார் படிப்பது? மென்பொருள்தான்! உலகத்து வானியலாளர்களைப் போலவே காவலூர்த் தரவை அலசுபவர்களும் வெகுகாலம் சார்ந்திருந்தது 'ஐராஃப்' என்ற நிரல் தொகுப்பை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அரிசோனாவில் பிறந்தது. விலை? பூஜ்யம். கேட்ட வானாய்வகத்துக்கெல்லாம் கொடுத்தார்கள். மூல நிரலும் கூடவே வந்தது. அப்படியானால் கட்டற்றதுதானே?

இல்லை! அதன் குடலுக்குள் 'நியூமெரிக்கல் ரெசிபீஸ்' என்ற புகழ்பெற்ற கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்த நிரல் துண்டுகள் ஒளிந்திருந்தன. அந்தத் துண்டுகளை அடுத்தவருக்கு விநியோகிக்கப் புத்தகத்தின் உரிமம் இடம் தரவில்லை. முப்பது வருஷம் உலகமே காசில்லாமல் தின்ற பிரியாணிக்குள் ஒரு கல்! வாயில் தட்டுப்படாதவரை யாருக்கும் கவலையில்லை. தட்டுப்பட்டது எப்போது தெரியுமா? 2013 வாக்கில் அரிசோனாக்காரர்கள் வளர்ப்பதை நிறுத்தியபோது. இனி நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று ஆர்வலர்கள் களமிறங்கினார்கள். டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் பிரதான களஞ்சியத்தில் சேர்க்கலாம் என்றால், அங்கே வாசலிலேயே சோதனை: நான்கு உரிமையும் இல்லாத ஒரு வரி இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். கடைசியில் அந்தத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுத்து, வேறு நிரல் எழுதிப் போட்டு, ஐராஃப்பைக் கட்டவிழ்த்தார்கள். பயன்படுத்துபவர் திரையில் ஏதாவது மாறியதா? ஒன்றும் இல்லை. விலை அன்றைக்கும் பூஜ்யம், இன்றைக்கும் பூஜ்யம். ஆனால் பெற்றவர் கைவிட்ட பிள்ளையை ஊரே எடுத்து வளர்க்க முடிந்தது அந்தக் கட்டு அவிழ்ந்ததால்தான்.

படங்களைச் சேமிக்கும் கோப்பு வடிவத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. வானியலாளர்களின் 'ஃபிட்ஸ்' வடிவம் 1981லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. யாருக்கும் சொந்தமில்லை, விளக்கம் முழுக்கப் பகிரங்கம். புது விதி எது போட்டாலும் பழைய கோப்பு ஒன்றுகூடத் திறக்காமல் போகக் கூடாது என்பது அதன் சத்தியம். இந்தச் சத்தியத்தை நம்பி, தன் பழங்காலக் கையெழுத்துப் பிரதிகளை இதே வடிவத்தில் சேமிப்பது யார் தெரியுமா? வாடிகன் நூலகம்! நட்சத்திரத்துக்குச் செய்த டப்பாவில் ஓலைச்சுவடி மாதிரி அவர்களுடைய தோல்சுவடி. நம் வீட்டுக் கல்யாண சிடியோ பத்தே வருஷத்தில் 'இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை'.

இவ்வளவு சொல்லிவிட்டு அந்த டேப் ஒட்டிய லேப்டாப்பை விட்டுவிடலாமா? 2011 செப்டம்பர் 15ல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின் பெயரைக் கவனித்தீர்களா? இலவச மடிக்கணினி இல்லை, 'விலையில்லா மடிக்கணினி'! வாங்குபவருக்குக் கூச்சம் இல்லாத சொல். விலை மதிக்க முடியாதது என்ற அர்த்தமும் ஓரமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சொல். அந்த விலையில்லாப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இரண்டு குடித்தனம். ஒரு பக்கம் விண்டோஸ், இன்னொரு பக்கம் 'பாஸ்' லினக்ஸ். பாஸ் யாருடையது? மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் நம் சென்னையிலிருந்து 2007ல் வெளியிட்டது. டெபியனை அடித்தளமாகக் கொண்டது. ஆமாம், ஐராஃப்பை வாசலில் நிறுத்திச் சோதித்த அதே டெபியன்! அதற்கும் முன்பே, ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் தமிழக அரசின் எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது அந்த அரசு நிறுவனத்தின் கணினிகளையே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியிருந்தார்.

மாணவர் கையில் இரண்டுமே காசில்லாமல் வந்தன. ஒன்றைப் பக்கத்து வீட்டுத் தம்பியின் கணினியில் போட்டுக்கொடுத்தால் குற்றம். இன்னொன்றைப் போட்டுக்கொடுத்தால் உபகாரம். பள்ளிக்கூடத்தில் இந்த வித்தியாசத்தை யாராவது ஒரு பீரியட் சொல்லிக் கொடுத்தார்களா? லட்சக்கணக்கான பெட்டிகளைக் கொடுத்தோம், அந்த ஒரு பீரியடைக் கொடுக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

நீங்கள் தமிழில் தட்டெழுதுகிறவரா? அப்படியானால் இந்தக் கதை உங்கள் விரல் நுனியிலேயே நடந்திருக்கிறது. 'இ-கலப்பை' ஞாபகம் இருக்கிறதா? முகுந்தும் 'தமிழா' தன்னார்வலர்களும் கொடுத்த மென்பொருள். தமிழ் வலைப்பதிவுகள் முளைத்த காலத்தில் பாதிப் பேர் அதில்தான் உழுதார்கள். இலவசம். ஆனால் ஆரம்பத்தில் அந்தக் கலப்பையின் கொழு மட்டும் இரவல்! உள்ளே ஓடிய 'கீமேன்' என்ற பொறி, 1993ல் லாவோ எழுத்துக்காகப் பிறந்து, ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றின் கையில் இருந்தது. பொறியைத் திறந்து பழுதுபார்க்க நமக்கு உரிமை இல்லை. பிற்பாடு மூன்றாம் பதிப்பில் தமிழா குழுவினர் பொறியையே புதிதாக எழுதி, கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டார்கள். தட்டியவர்களுக்கு 'அ' அடித்தால் அன்றும் 'அ', இன்றும் 'அ'. அடியில் கொழு நம்முடையதாகிவிட்டது. இன்னொரு திருப்பம்: அந்தக் கீமேனே 2015ல் கைமாறி, 2017ல் கட்டற்றதாகிவிட்டது!

எழுத்துருவிலும் இதே கூத்துதான். விண்டோஸோடு வரும் 'லதா'வுக்குத் தனியே காசு கொடுத்திருக்கிறீர்களா? இல்லை. அதை எடுத்து உங்கள் விருப்பத்துக்கு 'றா'வின் காலை நீட்டி ஊருக்குக் கொடுக்கலாமா? கூடாது. 'லோகித் தமிழ்', 'மீரா இனிமை' என்றால் தாராளமாக நீட்டலாம், குட்டையாக்கலாம், பெயரை மாற்றிக் கொடுக்கலாம்.

வேகமாக இன்னும் இரண்டு. படம் பார்க்கும் விஎல்சியின் இணையதளம் 2022ல் இந்தியாவில் மாதக்கணக்காக முடக்கப்பட்டது, தெரியுமா? நவம்பரில்தான் திறந்தது. யாராவது படம் பார்ப்பதை நிறுத்தினார்களா? ஏற்கெனவே வைத்திருந்தவர் இல்லாதவருக்குச் சட்டப்படியே நகல் கொடுக்கலாமே! 2021 ஏப்ரல் 19ல் செவ்வாயில் பறந்த 'இன்ஜெனுயிட்டி' ஹெலிகாப்டருக்குள் ஓடியது லினக்ஸ். அதிலிருந்த நிரல்களில் ஏதோ ஒரு மூலையில் கைவைத்திருந்த ஏறக்குறைய 12,000 பேருக்கு, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளம் ஒரு பதக்கச் சின்னம் கொடுத்தது. அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் நிரல் செவ்வாய்க்குப் போனதே அன்றைக்குத்தான் தெரியும்!

அந்த ராத்திரியை முடித்துவிடுகிறேன். தம்பி ஸ்டெல்லேரியத்தின் தேதிக் கட்டத்தில் 1977 மார்ச் 11, அதிகாலை இரண்டு மணி இருபது நிமிடம் என்று தட்டினார். காவலூரின் அன்றைய வானம் சுழன்று வந்து நின்றது. துலாம் ராசியில் யுரேனஸைத் தேடிப் பிடித்துப் பெரிதாக்கினார். பச்சை கலந்த நீலத்தில் ஒரு மிளகு, பக்கத்திலேயே மங்கலாக அந்த விண்மீன். பிரான்சில் ஃபேபியன் ஷெரோ என்பவர் 2000ல் தொடங்கிய நிரல், போளூர் இளைஞர் கையில், மலை இருட்டில், யாரிடமும் அனுமதி கேட்காமல் பாப்பு காலத்து ராத்திரியைத் திறந்து காட்டுகிறது.

"எனக்கும் ஒண்ணு போட்டுக் குடுப்பா" என்று பென் டிரைவை நீட்டினேன். பழக்க தோஷம், அப்படியே குரலைத் தாழ்த்தி, "திருட்டு காப்பி இல்லியே?" என்றேன்.

"அட, சிடி போட்டு அம்பது ரூபாய்க்கு வித்தாலும் தப்பில்லண்ணா."

"அப்போ விக்கிறியா?"

"எதுக்குண்ணா? ஊர்ப் பசங்களுக்குப் போட்டுக் குடுக்கறேன். பென் டிரைவ் வாங்கிட்டுப் போறவன் எவனும் திருப்பித் தர மாட்றான், அதுக்கு வேணா அட்வான்ஸ் வாங்கலாம்" என்றவர், என் பென் டிரைவைச் சொருகும்போது ஒரு பார்வை பார்த்தார். அது போன மாதம் அவரிடம் வாங்கியதுதான்.